இனிப்பு ஒயினுக்குப் பேர்போன ஊரில் இனிப்பே இல்லாத ஒயின்: என்ன நடக்கிறது?

2011ஆம் ஆண்டு ஜூலை மாதம். ஒரே ஒரு ஒயின் போத்தல் லண்டனில் 75,000 பவுண்டுக்குக் கைமாறியது. 1811இல் தயாரான 'ஷத்தோ திக்கெம்' என்ற இனிப்பு ஒயின் அது. 200 வயது. வாங்கியவர் கிறிஸ்டியான் வானெக் என்ற பிரெஞ்சுக்காரர். பாலித் தீவில் தாம் தொடங்கவிருந்த உணவகத்தில் அதைக் காட்சிக்கு வைக்கப்போவதாக அவர் சொன்னார். நமக்குப் பக்கத்து ஊர் மாதிரி!

அதே 2011இல், அந்தப் போத்தல் பிறந்த அதே வட்டாரத்தில் ஒரு புதிய தோட்டம் தன் முதல் அறுவடையை எடுத்தது. பெயர் 'குளோ தே லூன்'. நிலவுகளின் தோட்டம் என்று பொருள். உலகமே இனிப்பு ஒயினுக்காகத் தேடி வரும் அந்த ஊரில் அவர்கள் எடுத்த முடிவு: இனிப்பே இல்லாத ஒயின் செய்வோம்.

பால்கோவாவுக்குப் பேர்போன ஊரில் போய் மிக்சர் கடை போடுவது மாதிரி இல்லையா? ஏன் அப்படிச் செய்தார்கள்? காரணம் ருசி மட்டுமல்ல. அந்த ஊர் விவசாயிகளின் பிழைப்பும் அதில் அடங்கியிருக்கிறது.

எந்த ஊர் அது?

சோத்தெர்ன். பிரான்சின் தென்மேற்கில் உள்ள போர்தோ நகரிலிருந்து தென்கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர். சோத்தெர்ன், பார்சாக், பொம், ஃபார்க், பிரென்யாக் என்று ஐந்து கிராமங்கள். இந்த ஐந்தில் விளையும் இனிப்பு வெள்ளை ஒயினுக்கு மட்டுமே சட்டப்படி 'சோத்தெர்ன்' என்ற பெயர். (பார்சாக் கிராமத்துக்காரர்கள் விரும்பினால் தங்கள் ஊர்ப் பெயரையே போட்டுக்கொள்ளலாம்.)

1855இல் பாரிஸ் கண்காட்சிக்காக போர்தோ ஒயின்கள் தரவாரியாகப் பிரிக்கப்பட்டன. அந்தப் பட்டியலில் சிவப்பு ஒயின்களுக்குச் சமமாக இடம்பிடித்த வெள்ளை ஒயின்கள் இந்த வட்டாரத்து இனிப்பு ஒயின்கள்தான். அவற்றிலும் திக்கெம் தோட்டத்துக்கு மட்டும் தனியாக ஒரு படி மேலே இடம் கொடுத்தார்கள்.

'டிரை' என்றால் காய்ந்ததா?

இல்லை. ஒயின் பேச்சில் 'டிரை' என்றால் இனிப்பு இல்லாதது. அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்ள ஒயினே வேண்டாம், பனைமரம் போதும். பதநீர் இனிக்கும். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறக்கினால் அதுவே புளித்துக் கள் ஆகிவிடும். ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் இனிப்பைத் தின்று மதுச்சத்தாக மாற்றிவிடுகிறது. ஒயினிலும் இதே கதைதான். திராட்சைச் சாற்றில் உள்ள சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட் தின்றுவிட்டால் அது டிரை ஒயின். பாதியில் நின்றுவிட்டால் மிச்ச சர்க்கரை அப்படியே தங்கும். அதுதான் இனிப்பு ஒயின்.

எண்ணிக்கையில் பார்ப்போம். ஐரோப்பிய விதிப்படி, லிட்டருக்கு 4 கிராம் வரை சர்க்கரை இருந்தால் டிரை என்று சொல்லலாம்; புளிப்பு கூடுதலாக இருந்தால் 9 கிராம் வரைகூட அனுமதி உண்டு. நல்ல சோத்தெர்ன் ஒயினில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் இருக்கும். திக்கெம் சில ஆண்டுகளில் 150 கிராமை நெருங்கும். வழக்கமான கோலா பானத்தில் இருப்பது சுமார் 106 கிராம்!

அப்போ குடித்தால் திகட்டாதா? அங்கேதான் இந்த ஊரின் வித்தை இருக்கிறது.

கெட்டுப்போன திராட்சையிலா செய்கிறார்கள்?

ஆமா. உண்மையாகவே கெட்டுப்போன திராட்சைதான்.

குளிர்பதனப் பெட்டியில் மறந்துவிட்ட ஸ்ட்ராபெரி பழத்தின்மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஒன்று படருமே, பார்த்திருப்பீர்கள். அந்தப் பூஞ்சையின் பெயர் போட்ரைட்டிஸ் சினேரியா. பெரும்பாலான ஊர்களில் திராட்சை விவசாயிகள் அதைக் கண்டால் அலறுவார்கள். சோத்தெர்ன்காரர்களோ அதற்காகக் காத்திருப்பார்கள்.

காரணம் ஒரு சின்ன ஆறு. சிரோன் என்று பெயர். காட்டு நிழலிலேயே ஓடி வருவதால் அதன் தண்ணீர் சில்லென்று இருக்கும். அது வெதுவெதுப்பான கரோன் பேராற்றில் கலக்கும் இடத்தில், இலையுதிர் காலத்து அதிகாலைகளில் பனிமூட்டம் எழும்பும். அந்த ஈரத்தில் பூஞ்சை வளரும். மதியம் வெயில் வந்து எல்லாவற்றையும் உலர்த்திவிடும். காலையில் ஈரம், மதியம் வெயில். இந்த இரண்டும் மாறி மாறி வரவேண்டும்.

அப்படி வந்தால், பூஞ்சை திராட்சைத் தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகளைப் போடும். அவற்றின் வழியாகத் தண்ணீர் ஆவியாகிவிடும். பழம் சுருங்கும். உள்ளே இருக்கும் சர்க்கரை மட்டுமல்ல, புளிப்பும் செறிவாகும். திகட்டாமல் இருப்பதற்கு இந்தப் புளிப்புதான் காரணம். அதோடு பூஞ்சையே சில புது வாசனைகளையும் உண்டாக்கும். ஏப்ரிகாட், ஆரஞ்சு மர்மலேட், தேன், குங்குமப்பூ என்று ருசிப்பவர்கள் சொல்வது அதைத்தான். பிரெஞ்சுக்காரர்கள் இந்த நிலைக்கு 'உன்னத அழுகல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அழுகலுக்குப் பட்டம் கொடுக்க அவர்களால்தான் முடியும்.

இப்படிச் சுருங்கிய பழத்தில் சர்க்கரை அவ்வளவு அடர்த்தியாக இருப்பதால், ஈஸ்ட்டால் எல்லாவற்றையும் தின்ன முடிவதில்லை. மதுச்சத்து 13, 14 விழுக்காட்டை எட்டும்போது அது களைத்து நின்றுவிடும். மிச்சம் இனிப்பாகத் தங்கிவிடுகிறது. வெளியிலிருந்து சர்க்கரை போட்டு வந்த இனிப்பல்ல அது.

அப்படியானால் பிரச்சினை எங்கே?

பூஞ்சை ஒரே நாளில் தோட்டம் முழுவதும் ஒரே சீராகப் படராது. ஒரே குலையில் ஒரு பழம் சுருங்கியிருக்கும், பக்கத்துப் பழம் பச்சையாக இருக்கும். அதனால் தொழிலாளர்கள் ஒரே தோட்டத்துக்குள் திரும்பத் திரும்பப் போகவேண்டும். திக்கெம் தோட்டத்தில் வழக்கமாக ஐந்தாறு முறை போவார்கள். சுருங்கியதை மட்டும் பொறுக்கி எடுப்பார்கள். சில ஆண்டுகளில் நவம்பர் வரை இது நீளும். இயந்திரத்தால் செய்யமுடியாத வேலை.

விளைச்சலைப் பாருங்கள். சோத்தெர்ன் சட்டப்படி ஒரு ஹெக்டேரிலிருந்து அதிகபட்சம் 2,500 லிட்டர்தான் எடுக்கலாம். சாதாரண போர்தோ வெள்ளை ஒயினுக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் அனுமதி. திக்கெம் அந்த 2,500ஐக்கூட எட்டுவதில்லை. ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் ஒயின் என்று அவர்களைப் பற்றிச் சொல்வார்கள். மற்ற ஊர்களில் ஒரு கொடியிலிருந்து ஒரு போத்தலே வரும்.

இதெல்லாம் நல்ல ஆண்டின் கணக்கு. மழை நிற்காமல் பெய்தால் உன்னத அழுகல் வெறும் அழுகலாகிவிடும். பழம் புளித்து வீணாகும். 2012இல் அப்படித்தான் ஆனது. அந்த ஆண்டு திக்கெம் என்ற பெயரில் ஒரு போத்தல்கூட வெளிவராது என்று தோட்டமே அறிவித்தது. பின்னால் பெரிய ஆடம்பரப் பொருள் குழுமம் இருப்பதால் அவர்களால் தாங்கமுடிந்தது. பக்கத்துச் சின்ன விவசாயிக்கு அது முடியுமா?

முடியாமல் போனவர்களும் இருக்கிறார்கள். பார்சாக்கில் 'ஷத்தோ த மிரா' என்று ஒரு தோட்டம். 1855 பட்டியலில் இடம்பெற்ற பெருமை உண்டு. ஆனால் 1970களின் நடுவில் அதன் உரிமையாளர் கொடிகள் அனைத்தையும் வேரோடு பிடுங்கிவிட்டார். இனிப்பு ஒயினுக்கு அப்போது சந்தையே இல்லை, செலவு மட்டும் குறையவில்லை. 1988இல் பிள்ளைகள்தான் மறுபடி நட்டார்கள். திராட்சைக் கொடி நட்டு நல்ல ஒயின் கிடைக்கப் பல ஆண்டு ஆகும். ஒரு தலைமுறையே காத்திருந்த மாதிரி.

அண்மையில் இன்னொரு தலைவலியும் சேர்ந்துகொண்டது. குளிர்காலம் இதமாக இருப்பதால் கொடிகள் சீக்கிரமே துளிர்க்கின்றன. பிறகு ஏப்ரலில் திடீரென்று உறைபனி வந்தால் துளிர் எல்லாம் கருகிவிடும். 2017இலும் 2021இலும் அதுதான் நடந்தது. 2021இல் சோத்தெர்னின் பல தோட்டங்களில் விளைச்சலில் பெரும்பகுதி போய்விட்டது. போதாக்குறைக்கு, போர்தோவின் தெற்கே திட்டமிடப்பட்டுள்ள அதிவேக ரயில்பாதை சிரோன் பள்ளத்தாக்கைக் கடக்கப்போகிறது. அதனால் பனிமூட்டம் கலைந்துபோகுமோ என்று விவசாயிகள் கவலைப்படுகிறார்கள், எதிர்ப்பும் தெரிவித்துவருகிறார்கள். ஒரு வட்டாரத்தின் முழுத் தொழிலும் காலைப் பனியை நம்பி இருக்கும்போது பயம் இருக்கத்தானே செய்யும்?

இவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்ததைக் குடிக்க ஆள் வேண்டுமே! சாப்பாட்டின் கடைசியில் ஒரு சின்னக் கிளாஸ் இனிப்பு ஒயின் என்ற பழக்கம் குறைந்துவிட்டது. சர்க்கரையைக் கண்டாலே விலகும் காலம் இது. உலகம் மதிக்கும் ஒயின், ஆனால் மக்கள் வருடத்துக்கு ஒருமுறைதான் திறக்கிறார்கள்.

இங்கேதான் 'நிலவுத் தோட்டம்' வருகிறது

குளோ தே லூனைத் தொடங்கியது பெர்னார் குடும்பம். ஒயின் உலகுக்குப் புதியவர்கள் இல்லை. போர்தோவுக்குத் தெற்கே பெசாக்-லியோன்யான் வட்டாரத்தில் உள்ள 'தொமேன் த ஷெவாலியே' அவர்களுடையது. 1983இலிருந்து ஒலிவியே பெர்னார் அதை நடத்திவந்தார். அங்கே செய்யும் டிரை வெள்ளை ஒயின் பிரான்சின் மிகச் சிறந்தவற்றில் ஒன்று என்று பெயர் வாங்கியது.

அவர்களின் கணக்கு எளிமையானது. சோத்தெர்னில் செமியோன் என்ற திராட்சை அதிகம். தோல் மெல்லியது, அதனால்தான் பூஞ்சைக்கு அதன்மேல் ஆசை. அங்கே நல்ல மண் இருக்கிறது. பழைய, வேர் ஆழமாகப் போன செமியோன் கொடிகள் இருக்கின்றன. இதே கொடிகளின் பழத்தைப் பூஞ்சை வருவதற்கு முன்பே பறித்தால் என்ன?

அதைத்தான் செய்தார்கள். அக்கம்பக்கத்தார் அக்டோபர் பனிக்காகக் காத்திருக்கும்போது, இவர்களுடைய பழம் கோடையின் கடைசியிலேயே பறிக்கப்பட்டு, நொதிக்க ஆரம்பித்திருக்கும். செமியோன் பெரும்பங்கு, அதோடு சோவின்யோன் பிளாங் கொஞ்சம். செமியோன் உடலைக் கொடுக்கும், சோவின்யோன் சுறுசுறுப்பைக் கொடுக்கும்.

மூன்று ஒயின்கள். லூன் பிளான்ஷ், அதாவது வெண்ணிலவு. அன்றாடம் திறந்து குடிக்கத் தோதானது. லூன் தார்ஜான், வெள்ளி நிலவு. லூன் தோர், பொன் நிலவு. பழைய கொடிகளின் பழத்தில் கொஞ்சமாகச் செய்வது. இதில் ஒரு சுவாரசியம்: பிரெஞ்சில் 'அர்ஜான்' என்றால் வெள்ளி உலோகம், பணம் என்று இரண்டு பொருளும் உண்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். நாமும் 'வெள்ளி'யில்தானே சம்பளம் வாங்குகிறோம்!

டிரை செமியோன் எப்படி இருக்கும்? முதல் வாயில் எலுமிச்சை, வெள்ளைப் பூக்கள். கொஞ்சம் மெழுகு மாதிரி வழுவழுப்பு. சில ஆண்டு போத்தலில் இருந்தால் தேன் வாசனை எட்டிப் பார்க்கும், ஆனால் நாக்கில் இனிப்பு இருக்காது. மூக்கு ஒன்று சொல்லும், நாக்கு இன்னொன்று சொல்லும். முதல்முறை ருசிப்பவர்களை இந்த முரண் கொஞ்சம் குழப்பும்.

அப்போ லேபிளில் 'சோத்தெர்ன்' என்று போடலாமா?

முடியாது. இந்தக் கதையில் எனக்கு ரொம்ப விசித்திரமாகப் படுவது இதுதான்.

1936இல் வந்த சட்டப்படி சோத்தெர்ன் என்றால் இனிப்பு. அதே ஊர், அதே மண், அதே கொடி என்றாலும், டிரை ஒயினாகிவிட்டால் வெறும் 'போர்தோ' என்றுதான் போடவேண்டும். போர்தோ என்பது மிகப் பெரிய வட்டாரத்தின் பொதுப்பெயர். பேரங்காடியில் மலிவாகக் கிடைக்கும் போத்தலுக்கும் அதே பெயர், பொன் நிலவுக்கும் அதே பெயர். 1855இல் முதலிடம் பிடித்த திக்கெம்கூடத் தப்பவில்லை. அவர்கள் செய்யும் டிரை ஒயினின் லேபிளிலும் 'போர்தோ' தான்.

ஆமா, திக்கெமும் டிரை ஒயின் செய்கிறது. பெயர் வெறும் 'Y' என்ற ஓர் எழுத்து, பிரெஞ்சில் இகிரெக். 1959இல் முதல்முறை செய்தார்கள். பல காலம் நினைத்த ஆண்டில் மட்டும் வந்தது. 2004இலிருந்து ஆண்டுதோறும் வருகிறது. 'ஷத்தோ கிரோ', 'ஷத்தோ ரியூசெக்' போன்ற பெயர்பெற்ற தோட்டங்களும் தங்கள் பெயரின் முதல் எழுத்தைப் போட்டு டிரை ஒயின் விற்கின்றன. அதாவது, குளோ தே லூன் டிரை ஒயினைக் கண்டுபிடிக்கவில்லை. மற்றவர்களுக்கு அது பக்கத்து வியாபாரம். இவர்கள் அதையே முழு வேலையாக எடுத்துக்கொண்டார்கள். வித்தியாசம் அங்கேதான்.

சட்டத்தை மாற்றி டிரை ஒயினுக்கும் ஊர்ப் பெயரைக் கொடுக்கலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கொடுத்தால் குழப்பம் வரும், இனிப்பு ஒயினுக்கு இருக்கும் மிச்ச அடையாளமும் போய்விடும் என்று எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: சோத்தெர்ன் மண்ணில் விளைந்தது என்று காதோடு காதாகச் சொல்லித்தான் குளோ தே லூன் விற்பனையாகிறது. அந்த மண்ணுக்கு மதிப்பைத் தேடிக் கொடுத்தது பூஞ்சை பிடித்த பழத்தைப் பொறுக்கிய தலைமுறைகள். இனிப்பு ஒயின் அழிந்துபோனால் டிரை ஒயினின் கவர்ச்சியும் பாதி போய்விடும்.

மறுபக்கம், டிரை ஒயின் கொண்டுவரும் பணம் இனிப்பு ஒயினைக் காப்பாற்றவும் செய்கிறது. செப்டம்பரிலேயே ஒரு பகுதியைப் பறித்துவிட்ட விவசாயிக்கு, அக்டோபர் மழை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகாது. மிரா தோட்டத்துக்காரருக்கு அந்த வழி அன்று தோன்றியிருந்தால் கொடிகளைப் பிடுங்கியிருப்பாரா?

இனிப்பு ஒயின்காரர்களும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. 'ஷத்தோ லஃபோரி-பெராகே' தோட்டம் சோத்தெர்னில் ஐஸ்கட்டியும் ஆரஞ்சுத் தோலும் போட்டுக் குடிக்கச் சொல்கிறது. பழமைவாதிகளுக்குக் கோபம். ரியூசெக் தன் போத்தலின் வடிவத்தையே மாற்றி, திறந்தபின் திரும்ப மூடிவைக்க ஏதுவான மூடியைக் கொடுத்தது. இரண்டாவதுதான் உருப்படியான யோசனை. இனிப்பு ஒயினை யாரும் ஒரே வேளையில் முடிப்பதில்லை என்பதைப் புரிந்துகொண்டவர்கள் செய்த வேலை.

கடையில் எப்படி அடையாளம் காண்பது?

லேபிளில் சோத்தெர்ன் அல்லது பார்சாக் என்று இருந்தால் இனிப்பு, சந்தேகமே வேண்டாம். 'போர்தோ' என்று இருந்து வெள்ளை ஒயினாக இருந்தால் பெரும்பாலும் டிரை. 'செக்' என்ற பிரெஞ்சுச் சொல் இருந்தால் உறுதியாக டிரை. 'முவல்லே', 'தூ' என்ற சொற்கள் இருந்தால் இனிப்பு.

சர்க்கரை இல்லை என்பதற்காக டிரை ஒயினை லேசானது என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டிலும் மதுச்சத்து ஏறக்குறைய ஒன்றுதான். 75 மில்லிலிட்டர் சோத்தெர்னில் ஏறத்தாழ இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை கூடுதலாக இருக்கும், அவ்வளவே. வாங்குவதற்குச் சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், மலேசியாவில் 21. சிங்கப்பூர்க் கடைகளில் இரவு 10.30க்குப் பிறகு கேட்டால் கிடைக்காது.

சோத்தெர்னை 375 மில்லிலிட்டர் அரைப் போத்தலில் வாங்குவது புத்திசாலித்தனம். நன்றாகக் குளிரவைத்துக் குடிப்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் நீலப் பாலாடைக்கட்டியோடு சாப்பிடுவார்கள். உப்பும் இனிப்பும் ஒன்றையொன்று சமன் செய்யும். திறந்த போத்தலை மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். டிரை ஒயின் இரண்டு மூன்று நாளிலேயே சோர்ந்துவிடும்.

யாராவது உங்களிடம் 2012ஆம் ஆண்டு ஷத்தோ திக்கெம் மலிவாகக் கிடைக்கிறது என்று சொன்னால் மட்டும் வாங்கிவிடாதீர்கள். அப்படி ஒன்று செய்யப்படவே இல்லை.